நொய்சீட்லர் ஏரிக்குப் போறீங்களா? தண்ணிய விட்டுட்டு உப்பைப் பாருங்க

வியன்னாவுக்குப் போற நம்மாளுங்க பலபேர் ஒரு நாள் மிச்சம் இருக்கேன்னு நொய்சீட்லர் ஏரிக்கு ரயிலேறிடுறாங்க, போய் நின்னா கண்ணுக்கு எட்டின வரைக்கும் நாணல், நாணல் இல்லாத எடத்துல சாம்பல் கலர்ல கலங்கின தண்ணி, ரெண்டு போட்டோ எடுத்து ஒரு ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டு "இதுக்கா இவ்ளோ பில்டப்பு"ன்னு திரும்பி வந்துடுறாங்க. ஆல்ப்ஸ் மலை ஏரி கணக்கா நீலமா பளபளன்னு இருக்கும்னு நெனச்சுப் போனா ஏமாத்தம்தான் மிஞ்சும். இது வேற ரகம், ஸ்டெப் ஏரின்னு சொல்ற புல்வெளிச் சமவெளி ஏரி, யூரேசியாவுல இந்த ரகத்துல மேற்குக் கோடியில இருக்குறது இதுதான். எங்க நிக்கணும், எப்ப போகணும், எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சுட்டுப் போனா ஒரு நாள் பத்தவே பத்தாது.

மொதல்ல ஏரியோட வரவு செலவப் புரிஞ்சுக்குங்க, மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது. ஆஸ்திரியாவோட கிழக்கு ஓரத்துல புர்கென்லாண்ட் மாநிலம், அங்க ஆரம்பிச்சு தெக்கால ஹங்கேரிக்குள்ள போகுது, அந்தப் பக்கத்துக்காரங்க ஃபெர்த்தோன்னு சொல்லுவாங்க. வடக்கு தெற்கா 36 கிலோமீட்டர், நாணலையும் சேர்த்தா சுமார் 315 சதுர கிலோமீட்டர், அதுல பாதிக்கு மேல வெறும் நாணல். ஆழம் அதிகபட்சமே 1.8 மீட்டர்தான், பல எடத்துல ஒரு மீட்டர்தான் இருக்கும், அதாவது பெரும்பாலான எடத்துல எறங்கி நின்னாலும் தலை வெளிய தெரியும். உள்ள வர்ற ஆறுன்னு சொல்லிக்க வுல்கான்னு சின்னதா ஒண்ணு இருக்கு, வெளிய போக இயற்கையா வழியே கிடையாது, மனுசன் வெட்டின ஒரு கால்வாயும் மதகும்தான். வானத்துல இருந்து விழுறதுதான் வரவு, வெயிலும் காத்தும் குடிக்கிறதுதான் செலவு. மழை நாலு வருஷம் சேர்ந்தாப்புல பொய்ச்சா ஏரியே காணாமப் போயிடும், போயும் இருக்கு, 1865ல இருந்து 1870 வரைக்கும் மொத்தமா காஞ்சு கெடந்துச்சு. 2022 கோடையிலகூட 1965க்கு அப்புறம் பார்க்காத அளவுக்கு தண்ணி எறங்கி படகெல்லாம் சேத்துல உக்காந்துடுச்சு, பேப்பர்ல எல்லாம் ஏரி சாகுதுன்னு போட்டாங்க. வத்துறது இந்த ஏரிக்கு நோய் இல்ல, அதோட சுபாவம். நோய் வேற எடத்துல இருக்கு, அத கீழ சொல்றேன், ஏன்னா போனா நீங்களே கண்ணால கண்டுபிடிக்கலாம்.

தண்ணி ஏன் இப்படி கலங்கி இருக்குன்னு கேப்பீங்க. அழுக்கு இல்லைங்க. ஆழமே இல்லாததால காத்து அடிச்சா அலை அடி வரைக்கும் போய் மாவு மாதிரி இருக்குற நைஸ் வண்டலைக் கிளப்பி விட்டுடும், தண்ணில லேசா உப்பும் சோடாவும் இருக்கு, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வரைக்கும். முழங்கை வரைக்கும் கையை விட்டா உங்க விரலே உங்களுக்குத் தெரியாது. அந்தக் கலங்கலாலதான் வெளிச்சம் அடி வரைக்கும் போகாம பாசி ஓவரா வளராம இருக்கு, அதனால தண்ணி தெளிவா இல்லையேன்னு முகம் சுளிக்காதீங்க.

எப்ப போகணும்ங்கிறதுதான் பாதி வேலை. பறவைதான் முக்கியம்னா ஏப்ரல் கடைசியில இருந்து மே முடியுற வரைக்கும், அப்பதான் தண்ணியும் இருக்கும், ஆப்பிரிக்காவுல இருந்து வர்ற பறவையும் வந்து சேர்ந்திருக்கும், இன்னும் வடக்க போறதும் எறங்கி இளைப்பாறிட்டு இருக்கும். ஜூலை ஆகஸ்ட்ல ஜனக்கூட்டம், கொசு, வெக்கை, ஆனா தரையில உப்பு வெள்ளையா பூக்குறதப் பார்க்கணும்னா அப்பதான் போகணும். செப்டம்பர்ல உப்பு மண்ல ஊதா கலர்ல ஆஸ்டர் பூ பூத்துக் கெடக்கும், திராட்சைத் தோட்டத்துக்கு மேல ஸ்டார்லிங் குருவி கூட்டம் கூட்டமா சுத்தும், அத விரட்ட டமார் டமார்னு வேட்டுச் சத்தம் கேட்டுட்டே இருக்கும், பயந்துடாதீங்க. அக்டோபர் நவம்பர் சாயங்காலம் கூஸ்னு சொல்ற பெரிய காட்டு வாத்துக் கூட்டம், பகல்ல வயல்ல மேஞ்சுட்டு இருட்டுற நேரத்துல தண்ணிக்குத் திரும்பி வரும், ஆயிரக்கணக்குல, ஒரே கத்தல். அதுக்காகவே வர்றவங்க இருக்காங்க, குளிர் தாங்குவீங்கன்னா நான் மே மாசத்துக்கு அடுத்து இதத்தான் சொல்லுவேன்.

போறது ஈஸி. வியன்னா ஹாப்ட்பான்ஹோஃப்ல, அதாவது மெயின் ஸ்டேஷன்ல, ரயில் ஏறினா முக்கால் மணி நேரத்துல நொய்சீட்ல் ஆம் ஸே, அது ஏரியோட வடக்கு முனை. அங்கயே சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்குங்க. கார் வேணாம்னே சொல்லுவேன், ஊரே தட்டையா கெடக்கு, அபெட்லோன் பக்கத்துல கடல் மட்டத்துல இருந்து 114 மீட்டர்தான், ஆஸ்திரியாவுலயே தாழ்வான எடம் அது, மேடுங்கிற பேச்சே இல்ல. ஆனா மேட்டுக்குப் பதிலா காத்து இருக்கு, அத லேசா நெனச்சுடாதீங்க. பெரும்பாலும் வடமேற்குல இருந்து அடிக்கும். அதனால வடக்குல ஆரம்பிச்சு கிழக்குக் கரை வழியா போடர்ஸ்டார்ஃப், இல்மிட்ஸ்னு தெக்க நோக்கி மிதிங்க, காத்தே தள்ளி விடும். எதிர்த் திசையில போனா நாள் முழுக்க காத்தோட மல்லுக்கட்டணும். இல்மிட்ஸ்ல இருந்து எதிர்க்கரை மோர்பிஷுக்கு கோடைக்காலத்துல சைக்கிளோட ஏத்திக்கிற ஃபெர்ரி ஓடும், அத வெச்சு தெக்குப் பக்க சுத்து முழுசையும் மிச்சம் பண்ணிடலாம். தண்ணி கொறஞ்ச வருஷம்னா ஃபெர்ரி ஓடுதான்னு காலையிலயே கேட்டுக்குங்க. ஏரிய முழுசா சுத்தி வர்ற சைக்கிள் பாதையும் இருக்கு, 120 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல ஹங்கேரி வந்துடும், ஒரே நாள்ல அடிக்கிறவங்க அடிக்கலாம், ஆனா அப்படி அடிச்சா பார்க்குறதுக்கு நேரம் இருக்காது, அது வேற ஆசை.

காத்து இன்னொரு வேடிக்கையும் பண்ணும். ரெண்டு நாள் ஒரே பக்கமா பலமா அடிச்சா ஏரித் தண்ணி மொத்தமா ஒரு பக்கம் ஒதுங்கிடும், வடக்குல தண்ணி பின்வாங்கி சேறு தெரியும், தெக்குல ஏறி நிக்கும், ரெண்டு முனைக்கும் அரை மீட்டர் வித்தியாசம்கூட வரும். நேத்து தண்ணி இருந்த எடத்துல இன்னிக்கு சேறா இருந்தா மதகை யாரும் தொறந்து விடல, காத்தைத்தான் கேக்கணும். பறவை பாக்குறவங்களுக்கு இது லாபம், புதுசா வெளிய வந்த சேத்துல இரை தேடி உள்ளான் வகையெல்லாம் உடனே எறங்கிடும்.

தெறந்த தண்ணிய கிட்டத்துல பார்க்கணும்னா போடர்ஸ்டார்ஃப், கரையோரம் நாணல் இல்லாத ஊர் அது ஒண்ணுதான், லைட்ஹவுஸ், பீச், விண்ட்சர்ஃபிங்னு கலகலப்பா இருக்கும். அரை மணி நேரம் போதும். அங்க கேம்பிங் புல்லுல கீழ பாருங்க, தரை அணில் பொந்துல இருந்து எழுந்து ரெண்டு கால்ல நின்னு ஒங்கள மொறைச்சுப் பார்க்கும், விசில் மாதிரி ஒரு சத்தம் விட்டுட்டு உள்ள ஓடிடும். ஐரோப்பாவுல பல எடத்துல கொறஞ்சுபோன பிராணி, இங்க டென்ட்டுக்கு நடுவுல ஓடுது. தீனி மட்டும் போடாதீங்க.

நாணல் காடு வேற உலகம். ஐரோப்பாவுல டான்யூப் டெல்டாவுக்கு அடுத்து ஒரே தொடர்ச்சியா இருக்குற பெரிய நாணல் காடு இதுதான், சில எடத்துல பல கிலோமீட்டர் அகலம். உள்ள எறங்கி நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. நீங்க பண்ண வேண்டியது என்னன்னா, ஊர்ல இருந்து படகுத்துறைக்கு நாணல ஊடறுத்துப் போற ரோடு இருக்கும், ரூஸ்ட், மோர்பிஷ், இல்மிட்ஸ், எல்லா ஊர்லயும் இருக்கு, அதுல விடியக்காலம் சைக்கிள நிறுத்திட்டு சும்மா நில்லுங்க. கண்ணுக்கு வேலை இல்ல, காதுதான். கரகரன்னு தவளைக்குப் போட்டியா கத்துறது பெரிய நாணல் கதிர்க்குருவி. பூச்சி மாதிரி ஒரே ஸ்ருதியில ர்ர்ர்ர்னு நிறுத்தாம இழுக்குறது சாவிஸ் வார்ப்ளர்ங்கிற கதிர்க்குருவி. காலி பாட்டில் வாயில ஊதின மாதிரி தூரத்துல ஊம்ம்னு கேட்டா அது பிட்டர்ன், நாணலுக்குள்ள ஒளிஞ்சு வாழுற கொக்கு வகை, கேட்டதே அதிர்ஷ்டம், பார்க்கணும்னு ஆசைப்படாதீங்க. கணீர் கணீர்னு சின்ன மணிச் சத்தம் கேட்டா அந்தத் திசையில நாணல் தண்டு எது காத்தில்லாம ஆடுதுன்னு பாருங்க, மீசை வெச்ச காவிக் கலர் குருவி ஒண்ணு, ஒரு கால் ஒரு தண்டுலயும் இன்னொரு கால் அடுத்த தண்டுலயுமா விரிச்சுப் புடிச்சுட்டுத் தொங்கும், பியர்டட் ரீட்லிங். தலைக்கு மேல பெரிய வெள்ளைக் கொக்கு, செந்நாரை, கரண்டிவாயன் எல்லாம் நாணலுக்குள்ள இருக்குற கூட்டுக்கும் வெளிய மேயுற குட்டைக்குமா போயிட்டு வந்துட்டே இருக்கும், அந்தப் பறக்குற திசைய மனசுல குறிச்சுக்குங்க, அடுத்து நீங்க போக வேண்டிய எடத்த அதுங்களே காட்டிடும். ரூஸ்ட்ல வீட்டுக் கூரைப் புகைபோக்கி மேல வெள்ளை நாரை கூடு கட்டி இருக்கும், ஊருக்குள்ள நடந்தாலே போதும்.

இப்ப சரக்கு உள்ள எடத்துக்கு வரேன். ஏரிக்குக் கிழக்க ஸேவிங்கெல்னு ஒரு பகுதி, அதுல சின்னதும் பெருசுமா உப்புக்குட்டைகள், லாக்கென்னு சொல்லுவாங்க, லாங்கெ லாக்கெ, ட்ஸிக்லாக்கெ, டார்ஷோ, மேல் கீழ் ஸ்டிங்கர்ஸேன்னு வரிசையா இருக்கு. ஏரிக்குன்னு ஒரு நாள் வெச்சிருந்தா முக்கால் நாள இங்க செலவு பண்ணுங்க. இல்மிட்ஸ்ல நேஷனல் பார்க் இன்ஃபர்மேஷன் சென்டர் இருக்கு, மொதல்ல அங்க போய் இன்னிக்கு எந்தக் குட்டையில தண்ணி இருக்கு, எதுல என்ன எறங்கி இருக்குன்னு கேட்டுட்டு கெளம்புங்க, ரேஞ்சரோட நடந்து போய்ப் பார்க்குற டூரும் இருக்கு. இந்த நேஷனல் பார்க் 1993ல வந்தது, ஹங்கேரி பக்கத்துப் பூங்காவோட சேர்ந்து எல்லை தாண்டி வேலை செய்யுது, 2001ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் ஏரியச் சுத்தின நிலம் சேர்ந்துடுச்சு.

குட்டை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா பார்க்குற பார்வையே மாறிடும். மண்ணுக்குக் கீழ உப்பு உள்ள அடுக்கு ஒண்ணு இருக்கு, நிலத்தடித் தண்ணி அதத் தொட்டுட்டு நிக்கும். கோடையில மேல வெயில் காய்ச்சக் காய்ச்ச அந்த உப்புத் தண்ணி மண் இடுக்கு வழியா மேல ஏறி வரும், தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு மட்டும் மேல தங்கிடும். குளிர் காலத்துல மழையும் பனியும் விழுந்து திரும்ப குட்டை நிறையும். அந்த உப்பும் களிமண்ணும் சேர்ந்துதான் அடிய அடைச்சு தண்ணிய கீழ எறங்க விடாமப் புடிச்சு வெச்சிருக்கு. ஆகஸ்ட்ல ட்ஸிக்லாக்கெ ஓரத்துல பாதை மேல நின்னு குனிஞ்சு பாருங்க, வெடிச்ச களிமண் மேல வெள்ளையா பொடி பூத்துக் கெடக்கும், பாதையோரம் கொஞ்சம் விரல்ல எடுத்துத் தேச்சா வழுவழுன்னு சோப்பு கணக்கா இருக்கும், சோடா. அந்தக் காலத்துல இத கூட்டிப் பெருக்கி அள்ளிட்டுப் போய் சோப்பு பண்ணி இருக்காங்க. காத்து அடிச்சா வெள்ளைப் புழுதி எழும்பும், அப்ப மூக்கையும் கேமராவையும் மூடிக்குங்க.

இங்கதான் எல்லாரும் தலைகீழாப் புரிஞ்சுக்கிறாங்க. வெள்ளையா காஞ்சு கெடக்குற குட்டையப் பார்த்துட்டு ஐயோ பாவம்ங்குறாங்க, பக்கத்துல பச்சைப் பசேல்னு புல்லும் நாணலும் மண்டின பள்ளத்தப் பார்த்துட்டு எவ்ளோ அழகுங்குறாங்க. செத்தது அந்தப் பச்சைதான். சுத்தி வடிகால் வெட்டினதாலயும் வயலுக்கு போர் போட்டு உறிஞ்சினதாலயும் நிலத்தடி மட்டம் கீழ போயிடுச்சுன்னா உப்பு மேல வர்ற வழி அறுந்து போகும், மழைத் தண்ணி இருக்குற உப்பையும் கழுவி கீழ எறக்கிடும், அடியில அடைப்பு போயிடும், அதுக்கப்புறம் எவ்ளோ மழை பெஞ்சாலும் நிக்காது. சாதாரணப் புல்லு உள்ள வந்துடும். 19ஆம் நூற்றாண்டு நடுவுல இந்த மாதிரி குட்டை 100க்கும் மேல இருந்துச்சு, இப்ப 50ஐத் தாண்டாது, அதுலயும் பல குட்டை அரை உசுருதான். அதனால நீங்க போனா கலங்கலா பால் மாதிரி தண்ணி, நாணல் இல்லாத மொட்டைக் கரை, ஓரத்துல செவந்து போன உப்புச் செடி, வெள்ளைப் படிவு, இதெல்லாம் இருக்குதான்னு பாருங்க, இருந்தா அது உசுரோட இருக்கு. கரையில நாணல் நெருக்கமா உள்ள வந்துட்டே இருந்தா உப்பு போயிட்டு இருக்குன்னு அர்த்தம். இயற்கையாவே கருந்தண்ணியா இருக்குற குட்டையும் சிலது உண்டு, தண்ணி நிறத்த மட்டும் வெச்சு தீர்ப்பு சொல்லிடாதீங்க. ஏரிக்கே ஹங்கேரியில ஓடுற டான்யூப் கிளையான மோசோன் டான்யூப்ல இருந்து கால்வாய்ல தண்ணி கொண்டுவரலாம்னு திட்டம் பேசுறாங்களே, அதுக்கு இயற்கை ஆர்வலருங்க எதிர்ப்பு சொல்றதும் இதனாலதான், ஆத்துத் தண்ணி வந்தா மட்டம் ஏறும், ஆனா உப்போட கணக்கு கெட்டுப் போகும். படகு விடுறவங்க, ஹோட்டல் நடத்துறவங்க பக்கம் நியாயம் இல்லாம இல்ல, ஆனா எனக்கு எதிர்க்கிறவங்க சொல்றதுதான் சரின்னு படுது.

அந்த மொட்டைக் கரையிலதான் கோணமூக்கு உள்ளான் முட்டை வெக்கும், கெண்டிஷ் உப்புக்கொத்தியும் வெக்கும், ஆஸ்திரியாவுல இந்த ரெண்டும் குஞ்சு பொரிக்கிறது ஸேவிங்கெல்ல மட்டும்தான். கோணமூக்கு உள்ளான கவனிக்க பத்து நிமிஷம் ஒதுக்குங்க, மேல்நோக்கி வளைஞ்ச அலகை தண்ணியில பாதி முக்கி இடமும் வலமுமா அருவா வீசுற மாதிரி வீசிட்டே நடக்கும், கலங்கல் தண்ணியில கண்ணால தேட முடியாதுல்ல, அலகு தொட்டதும் கப்புன்னு புடிச்சுடும். பக்கத்துலயே நெடுங்கால் உள்ளான் ரோஸ் கலர் காலோட நிக்கும். வெளிச்சம் விஷயத்துல ஒண்ணு சொல்லிடறேன், காலையில குட்டைக்குக் கிழக்கால நில்லுங்க, சாயங்காலம் மேற்கால, சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். மத்தியானம் தரை சூட்டுல காத்து அலையடிக்கும், எவ்ளோ காஸ்ட்லி டெலஸ்கோப் வெச்சிருந்தாலும் எல்லாம் ஆடுற புள்ளியாத்தான் தெரியும், அந்த நேரத்துல சாப்பிட்டு நிழல்ல படுங்க. 8x42 பைனாகுலர் இருந்தா போதும்.

மேய்ச்சல் மாடு, கழுதை எல்லாம் பார்ப்பீங்க, ஏதோ டூரிஸ்ட்டுக்காக விட்டிருக்காங்கன்னு நெனைக்காதீங்க. முன்ன ஊர் மாடெல்லாம் குட்டைக் கரையில மேஞ்சு நாணல வளர விடாம வெச்சிருந்துச்சு, மேய்ச்சல் நின்னதும் நாணல் கரைய மூடிடுச்சு. இப்ப பார்க்காரங்களே கொம்பு நீண்ட ஹங்கேரி சாம்பல் மாடு, வெள்ளைக் கழுதை, ப்ரெஷெவால்ஸ்கி குதிரை எல்லாம் விட்டு மேய்க்கிறாங்க. வெள்ளைக் கழுதைங்கள இல்மிட்ஸுக்குத் தெக்க ஸாண்டெக்ல ஒரு டவர் மேல இருந்து பார்க்கலாம்.

நேரம் இருந்தா இன்னும் கிழக்க ஆண்டாவ் பக்கம் ஹன்சாக் போங்க, ஏப்ரல்ல கிரேட் பஸ்டர்ட் ஆண் பறவை ஒடம்ப உள்வெளியா புரட்டிப் போட்ட மாதிரி வெள்ளை இறகையெல்லாம் விரிச்சு ஆட்டம் போடும், கானமயிலுக்குச் சொந்தக்காரப் பறவை, பத்து கிலோவுக்கு மேல எடை. ரொம்பக் கூச்சம், டவர்ல இருந்து தூரமாத்தான் பார்க்கணும். இதுங்க மோதிச் சாகாம இருக்க இந்தப் பகுதியில கரண்ட் லைனையே மண்ணுக்குள்ள பொதச்சிருக்காங்க. அங்கதான் ஆண்டாவ் பாலமும் இருக்கு, 1956ல சோவியத் படை புரட்சிய நசுக்கினப்ப ஹங்கேரியில இருந்து தப்பிச்சு ஏறக்குறைய 70,000 பேர் இந்தச் சின்ன மரப்பாலம் வழியா கால்வாயத் தாண்டி வந்தாங்க, இப்ப இருக்குறது பின்னாடி கட்டினது.

ரூல்ஸ் கொஞ்சம்தான் ஆனா கறாரு. பாதைய விட்டு எறங்காதீங்க, மொட்டைக் கரையில முட்டை கூழாங்கல்லாட்டம் கெடக்கும், மிதிச்சாத்தான் தெரியும். ட்ரோன் வேணாம். நாய கயித்துல புடிச்சுக்குங்க. புல்லுல உண்ணி உண்டு, முழுக்கால் பேன்ட் போட்டு ராத்திரி கால் மடிப்பெல்லாம் பாருங்க, உண்ணிக் கடியால மூளைக்காய்ச்சல் வர்ற ஊர் அது, அங்க உள்ளவங்களே தடுப்பூசி போட்டுக்கிறாங்க. ஏரியில தலைகீழா டைவ் அடிச்சுடாதீங்க, அடி உடனே வந்துடும். ஆழம் இல்லையேன்னு புயல் காத்துல படகு ஓட்டாதீங்க, ஆழம் கொறஞ்ச ஏரியில அலை சின்னதா ஆனா நெருக்கமா வரும், சின்ன படகைப் புரட்டிடும், கரையில ஆரஞ்சு லைட் மின்ன ஆரம்பிச்சா உடனே திரும்பிடுங்க. ஜனவரியில ஏரி ஒறைஞ்சா ஸ்கேட்டிங் போவாங்க, தெறந்துவிட்ட எடத்துல மட்டும் போங்க, நாணல் ஓரத்துல ஐஸ் நம்பிக்கை இல்லாதது.

ஹங்கேரி பக்கம் கூட்டம் கம்மி, அமைதி ஜாஸ்தி, ஷாரோட்ல அவங்க பூங்கா ஆபீஸ் இருக்கு, பக்கத்துலயே ஃபெர்த்தோட்ல எஸ்டெர்ஹாஸி அரண்மனை. ரெண்டு நாடும் ஷெங்கன்தான், ஆனா பாஸ்போர்ட்ட ரூம்ல விட்டுட்டு சைக்கிள்ல எல்லை தாண்டாதீங்க, ஆஸ்திரியாவுக்குத் திரும்பும்போது செக் பண்ணுவாங்க. அந்தப் பக்கம் ஃபோரின்ட், இந்தப் பக்கம் யூரோ, கார்டு எல்லா எடத்துலயும் ஓடாது, சின்ன நோட்டு ரெண்டு நாட்டுதும் கொஞ்சம் பாக்கெட்ல வெச்சுக்குங்க. தண்ணி பாட்டில் பெருசா ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, குட்டைகளுக்கு நடுவுல நிழலும் கிடையாது கடையும் கிடையாது.